ஒன்பது பேர் ஆறு பேரானபோது

ஆம்பூரில் கைப்பந்து ஆடிய பெண்களுள் தனபாக்கியத்தைவிட உயரம் குறைந்தவள் ஒருத்தியும் இல்லை. பத்தாம் வயதில் மிஷன் பெண்கள் பள்ளியின் மைதானத்தில் அவளை முதன்முதலாக வரிசையில் நிறுத்தியபோது, அவள் தலைக்கும் வலையின் மேல்விளிம்புக்கும் நடுவே குடத்தின்மேல் குடம் அடுக்கலாம் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியை அவளைப் பின்வரிசையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். அது 1943ஆம் ஆண்டு. அதற்குப் பின் பதினான்கு ஆண்டுகள் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

நகர வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அக்காலத்தில் இப்பக்கத்தில் ஆடப்பட்டது ஒன்பது பேர் ஆட்டம். வரிசைக்கு மூவராக மூன்று வரிசைகள். எவருக்கு எந்த இடம் தரப்பட்டதோ, ஆட்டம் முடியும்வரை அதுவே அவருக்கு உரியது. உயரமானவர்கள் வலையோரம் நின்று அடிப்பார்கள். நடுவரிசையினர் பந்தைத் தூக்கிக் கொடுப்பார்கள். எதிரணியிலிருந்து வருவதையெல்லாம் வாங்கிக்கொள்வது பின்வரிசையினரின் வேலை. வாங்கிக்கொள்வதில் தனபாக்கியத்துக்கு நிகர் அவளேதான். தரைக்கு ஒரு சாண் மேலே சீறிவரும் பந்தின் அடியிலும் அவளுடைய இரு கைகளும் எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கும்.

அவளுடைய தந்தை ஆதிகேசவன், அப்துல் ஹமீத் என்பவரின் தோல் ஷாப்பில் தோல் பதனிடும் தொட்டிகளில் வேலை செய்தவர். தனபாக்கியம் பள்ளியிறுதித் தேர்வில் தேறியதும் அதே மிஷன் பள்ளியில் கீழ்வகுப்புகளுக்குத் தற்காலிக உடற்பயிற்சி ஆசிரியையாக அமர்ந்தாள். மாலை நேரங்களில் பழைய மாணவிகள் அணிக்காக ஆடினாள். ஞாயிறுதோறும் வாணியம்பாடி, குடியாத்தம், வேலூர் என்று அணி செல்லுமிடமெல்லாம் சென்றாள். ஆட்டம் அவளுக்குப் பொழுதுபோக்கு அன்று. நாள் முழுவதும் செய்யும் மற்ற வேலைகளெல்லாம் மாலை ஐந்து மணிக்காகச் செய்யும் வேலைகளாகவே அவளுக்குத் தோன்றின.

தோல் ஷாப்பு முதலாளியின் மகள் அஃப்ஸர் ஜஹானும் அதே அணியில் ஆடினாள். தனபாக்கியத்தைவிட ஓராண்டு இளையவள். ஒரு முழம் உயர்ந்தவள். அவளுக்கு உரிய இடம் முன்வரிசை. துப்பட்டாவை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு அவள் எழும்பி அடித்தால் எதிரணியில் இரண்டு பேராவது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரே அணியில் இத்தனை ஆண்டுகள் ஆடியும் இருவரும் நெருங்கிப் பேசிக்கொண்டது குறைவு. இருவருக்கும் இடையில் எப்போதும் ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது.

1957ஆம் ஆண்டின் மழைக்காலம் முடியும் தறுவாயில் அணியின் பயிற்சியாளர் கங்காதரன் ஒரு சிறு புத்தகத்துடன் மைதானத்துக்கு வந்தார்.

"பொங்கல் கழிச்சு வேலூர்ல மாவட்டங்களுக்கு நடுவுல போட்டி. ரயில்வேல பொம்பளைங்க டீம் ஒண்ணு புதுசா ஆரம்பிக்கிறாங்க. அதுக்கு ஆள் எடுக்க ஆபீசர் ஒருத்தர் வந்து ஆட்டத்தைப் பாக்கப் போறார். புடிச்சிருந்தா மெட்ராஸ்ல வேலை, ஆட்டம், எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க."

பெண்கள் ஆரவாரித்தார்கள். கங்காதரன் கையை உயர்த்தினார்.

"இன்னும் முடியல. போட்டி புது ரூல்படி. இனிமே ஆறு பேர்தான். அதுவும் ஒரே எடத்துல நிக்கக் கூடாது. சர்வ் நம்ம கைக்கு வர்றப்பல்லாம் ஆறு பேரும் ஒரு எடம் தள்ளிப் போகணும், கடிகார முள்ளு சுத்துற மாதிரி. பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வரணும், முன்னாடி இருக்கறவங்க பின்னாடி போகணும்."

"அப்ப மீதி மூணு பேரு சார்?" என்று கேட்டாள் எல்லம்மா. அவள் நடுவரிசைக்காரி; அவள் தாயும் அதே தோல் ஷாப்பில்தான் வேலை செய்தாள்.

"பெஞ்சுல."

"பெஞ்சாச்சும் ஒரே எடத்துல இருக்குமா, அதுவும் சுத்துமா?"

எல்லாரும் சிரித்தார்கள். தனபாக்கியம் சிரிக்கவில்லை. இரண்டு முறை தள்ளினால் தான் வலையோரம் போய் நிற்க வேண்டும் என்பதை அவள் அதற்குள் எண்ணிப் பார்த்திருந்தாள். வலையோரம் நிற்கத் தெரியாதவளுக்கு ஆறு பேரில் இடமில்லை. ஆறு பேரில் இடமில்லையென்றால் ஆட்டமே இல்லை.

புதிய விதிப்படி முதலில் குடியாத்தத்து அணியுடன் ஆடிப் பார்த்தார்கள். அன்று நடந்ததை ஆட்டம் என்று சொல்வது முறையாகாது. இடம் மாற வேண்டும் என்பது எல்லாருடைய தலைக்கும் தெரிந்திருந்தது, கால்களுக்குத் தெரியவில்லை. பந்து உயர்ந்ததும் தனபாக்கியத்தின் கால்கள் அவளைக் கேளாமலே பின்வரிசை நடுவுக்குப் போய்விட்டன. அங்கே ஏற்கெனவே நின்றிருந்த பெண்ணோடு இரண்டு முறை மோதிக்கொண்டாள். அஃப்ஸர் ஜஹானோ பின்வரிசைக்கு வந்தும் வலையையே பார்த்து நிமிர்ந்து நின்றாள். பந்து அவள் முழங்காலருகே சாவகாசமாகக் கடந்து போயிற்று. இடம் தவறி நின்றதற்காக மட்டும் நடுவர் பதினொரு முறை விசில் ஊதினார்.

"ஆம்பூர்க்காரிங்க எடத்துக்குப் பட்டா வாங்கி வெச்சிருக்காங்கடி!" என்று குடியாத்தத்து நெசவாளர் வீட்டுப் பெண்ணொருத்தி உரக்கச் சொன்னாள்.

மறுநாள் நண்பகலில் தனபாக்கியம் தந்தைக்குச் சோறு எடுத்துக்கொண்டு தோல் ஷாப்புக்குப் போனாள். அது தொட்டி மாற்றும் நேரம். கடைசித் தொட்டியில் ஊறிய தோல்களை எடுத்து மேசைக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தொட்டிக்கு முந்திய தொட்டியின் தோல்கள் வந்தன. அதற்கு, அதற்கு முந்தியவை வந்தன. ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. எதுவும் எதனோடும் மோதவில்லை. பிறந்தது முதல் அவள் பார்த்துவந்த காட்சிதான் அது. அன்று அவள் தூக்குச் சட்டியைக் கீழே வைக்க மறந்து நின்று பார்த்தாள்.

மாலையில் மைதானத்தின் மண்ணில் ஒரு குச்சியால் ஆறு கட்டங்கள் கீறினாள்.

"சர்வ் போடுற எடம் சுண்ணாம்பு. அடுத்தது அலசல். அதுக்கப்புறம் தவிடு. இதோட பின்வரிசை முடிஞ்சுது. முன்வரிசைல பட்டை, கடுக்காய், கடைசில எண்ணெய். தோலு பின்னாடி திரும்பிப் போகுமா? போகாது. நாமளும் போகக் கூடாது. மாறும்போது அவங்கவங்க எடத்தைச் சத்தமா சொல்லணும்."

எல்லம்மாவும் மற்ற பெண்களும் ஒரே சுற்றில் புரிந்துகொண்டார்கள். எல்லாருமே தொட்டி ஓரத்தில் நடை பழகியவர்கள். அஃப்ஸர் ஜஹான் மட்டும் கட்டங்களை வெறித்துப் பார்த்தாள்.

"கடுக்காய்க்கு அப்புறம் இன்னா?"

"எண்ணெய். உங்க ஷாப்புதானே அது? இதுகூடத் தெரியாதா?"

"ஷாப்பு எங்களுது. நான் கேட்டைத் தாண்டினது இல்ல. எங்க அம்மி அந்தத் தெருவுலகூட கூட்டிட்டுப் போக மாட்டாங்க, நாத்தம் ஜாஸ்தின்னு."

"ஆமா, அந்த நாத்தத்துலதான் உன் துப்பட்டாவுக்கு ஜரிகை வந்துச்சு," என்றாள் எல்லம்மா.

அஃப்ஸர் ஜஹானின் முகம் சிவந்தது. ஆனால் அவள் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஆட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பின் தனபாக்கியத்தின் அருகில் வந்து, "என்னைக் கூட்டிட்டுப் போறியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆதிகேசவன் மட்டும் இருந்தார். மகளோடு முதலாளியின் மகளும் வருவதைக் கண்டதும் அவர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இன்னா தனம் இது? முதலாளிக்குத் தெரிஞ்சா என் கதி என்னாவும்?"

"நைனா, நான் எதையும் தொடமாட்டேன். பாத்துட்டுப் போய்டறேன்," என்றாள் அஃப்ஸர் ஜஹான். தனபாக்கியம் அழைக்கும் சொல்லையே அவளும் சொன்னதைக் கேட்டு ஆதிகேசவன் வழி விட்டார்.

சுண்ணாம்புத் தொட்டியருகே அவளுக்கு மூச்சடைத்தது; துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அலசும் தொட்டியைக் கடந்து, புளித்த கஞ்சி போல் நாறும் தவிட்டுத் தொட்டிக்கு வந்தபோது கண்களில் நீர் வழிந்தது. பட்டைத் தொட்டிக்கு வந்ததும் துப்பட்டாவை விலக்கினாள்.

"அரே, இது நல்லாருக்கே! மழை பேஞ்ச காடு மாதிரி."

"இங்கேருந்துதான் அது தோலு. இதுக்கு முன்னாடி வெறும் சதைதான்," என்றாள் தனபாக்கியம்.

கடுக்காய்த் தொட்டியையும் தாண்டி எண்ணெய் மேசையருகே நின்று அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு எவரும் சொல்லாமலே சுண்ணாம்பிலிருந்து மறுபடியும் தொடங்கி, ஒவ்வொரு தொட்டியின் பெயரையும் சொல்லிக்கொண்டு நடந்தாள். மூன்றாம் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டாள். தொட்டியில் விழுந்துவிடப் போகிறாளே என்று ஆதிகேசவன் கைகளை விரித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

அன்று முதல் இருவருக்கும் இடையில் நின்ற வரிசை போய்விட்டது. மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இருவரும் மைதானத்துக்கு வந்தார்கள். அஃப்ஸர் ஜஹான் குனியப் பழகினாள். முதல் வாரம் இரவில் மாடிப்படி ஏற முடியவில்லை என்று முனகினாள். தனபாக்கியத்துக்கு எழும்பப் பழக்குவது வீண் என்று இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. ஆனால் வேறொன்று தெரியவந்தது. வலையில் பட்டு வழுக்கி விழும் பந்தை எல்லாரும் செத்த பந்தென்று விட்டுவிடுவார்கள். தரையோடு தரையாக வாங்கிப் பழகிய தனபாக்கியத்துக்கோ அது செத்த பந்தாகத் தோன்றவில்லை. அஃப்ஸர் ஜஹான் வேண்டுமென்றே வலையில் அடிப்பாள். இவள் அடியில் புகுந்து நிமிர்த்திக் கொடுப்பாள். ஒரு மாலைக்கு நூறு பந்தென்று இரண்டு மாதங்கள் இப்படிப் போயின.

வேலூரில் பெண்களின் ஆட்டத்துக்காக மைதானத்தைச் சுற்றிக் கித்தான் மறைப்புக் கட்டியிருந்தார்கள். நடுவர்கள், பயிற்சியாளர்கள், ரயில்வே அதிகாரி பக்தவச்சலம் ஆகியோரைத் தவிர ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. மறைப்பு இருப்பதால்தான் அப்துல் ஹமீதும் மகளை ஆட விட்டார். அவர் வெளியே வேப்ப மரத்தடியில் காரை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. "சுண்ணாம்பு!" "தவிடு!" "கடுக்காய்!" என்று ஆம்பூர்ப் பெண்கள் கூவிக்கொண்டு இடம் மாறினார்கள். பார்வையாளர் பக்கம் சிரிப்பு எழுந்தது.

"மளிகைக் கடைன்னு நெனச்சுட்டாளுங்களா? காபித்தூளையும் சேத்துக் கேளுங்கடி!" என்றாள் சேலத்து அணியைச் சேர்ந்த ஒருத்தி.

சிரித்தவர்கள் முதல் இரண்டு ஆட்டங்களுக்குப் பின் சிரிக்கவில்லை. மற்ற அணிகளெல்லாம் புதிய விதியில் தடுமாறி விசில் வாங்கிக்கொண்டிருக்க, இவர்கள் ஒருமுறையும் இடம் தவறவில்லை. இறுதி ஆட்டத்தில் சேலத்தையே எதிர்கொண்டார்கள்; அதிகாரி பார்க்க வந்ததும் அந்த ஆட்டத்துக்குத்தான்.

அங்கேதான் கங்காதரனுக்கு மனம் தளர்ந்தது. சேலத்துப் பெண்கள் நல்ல உயரம். தனபாக்கியம் 'பட்டை'க்கு, அதாவது முன்வரிசைக்கு, வரும் நேரம் பார்த்து அவளை வெளியே அழைத்து எல்லம்மாவை உள்ளே அனுப்பினார். மூன்று செட்டிலும் அப்படியே செய்தார். தனபாக்கியம் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மூன்றாவது செட்டில் பதினொன்றுக்குப் பதினைந்து என்று ஆம்பூர் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் பக்தவச்சலம் தம் குறிப்பேட்டைப் பார்த்து நான்கு பெயர்களை வாசித்தார். மூன்று பேர் சேலத்தார். நான்காவது பெயர் அஃப்ஸர் ஜஹான். தனபாக்கியத்தின் பெயர் அதில் இல்லை.

அஃப்ஸர் ஜஹானின் தந்தையிடம் பேசுவதற்காக எல்லாரும் கித்தானைத் தாண்டி வெளியே போனார்கள். கூவல்களையெல்லாம் காரிலிருந்தே கேட்டிருந்த அப்துல் ஹமீத் இறங்கினார். முதலில் அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார்.

"கடுக்காய்க்கு அப்புறம் எண்ணெய்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

அஃப்ஸர் ஜஹான் தரையைப் பார்த்தாள். "நான்தாங்க முதலாளி," என்று தனபாக்கியம் முன்னால் வந்தாள். "வெள்ளிக்கிழமை ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்க நைனா மேல தப்பு இல்ல."

அவருடைய தாடி அசைந்தது. சிரித்தார் என்பது அப்புறந்தான் தெரிந்தது. "என் பையனுங்க ரெண்டு பேரும் ஷாப்புல உக்காந்திருக்கானுங்க. அவனுங்களுக்குக்கூட இந்த வரிசை சரியா வராது."

பக்தவச்சலம் விஷயத்தைச் சொன்னார். அப்துல் ஹமீத் யோசித்தார்.

"மெட்ராஸுக்குத் தனியா அனுப்ப மாட்டேன் சார். இந்தப் பொண்ணு துணைக்குப் போகட்டும். அப்ப அனுப்பறேன்."

அதிகாரிக்கு அஃப்ஸர் ஜஹானை விட மனமில்லை. "அதுக்கென்ன, ரிசர்வ்னு இவ பேரையும் போட்டுக்கலாம்," என்று பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். கங்காதரனின் முகம் மலர்ந்தது.

"நான் வரலீங்க சார்," என்றாள் தனபாக்கியம்.

அஃப்ஸர் ஜஹான் அவளைக் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனாள். "பைத்தியமா உனக்கு? நீ வரலேன்னா நானும் போக முடியாது. உன் ரோஷத்துக்கு என் ஆட்டம் போகணுமா?"

"ரோஷம் இல்ல அஃப்ஸர். துணைக்குன்னு வந்தா உனக்குச் சோறு ஆச்சா, துணி காஞ்சுதான்னு பாத்துக்கினு பெஞ்சுல இருப்பேன். மூணாம் மாசம் உங்க சொந்தத்துல ஒரு அம்மா துணைக்குக் கெடைப்பாங்க. அப்ப நான் எங்க போறது? இங்க என் வேலையும் போய்ட்டிருக்கும்." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஆடணும். அவ்ளோதான்."

"அப்ப போய் அதை அவர்கிட்ட சொல்லு. என்கிட்ட இன்னாத்துக்கு அழுவுறே?"

"நான் எங்க அழுவுறேன்?"

"சரி, அழுவல. வா."

தனபாக்கியம் திரும்பி வந்து அதிகாரியின் முன் நின்றாள்.

"சார், முன்வரிசைல நான் ஆடறதை நீங்க பாக்கவே இல்ல. ஒரு பத்து நிமிஷம் பாருங்க. புடிக்கலேன்னா ரிசர்வ்லயும் வேணாம். அஃப்ஸருக்கு வேற துணை நானே தேடித் தர்றேன்."

"நான்தான் சார் வெளியே எடுத்தேன்," என்றார் கங்காதரன், தலையைக் குனிந்துகொண்டு. "அவமேல சந்தேகம் இல்ல. எனக்குத்தான் பயம்."

மறுநாள் காலை கித்தான் அவிழ்ப்பவர்கள் மூங்கிலின்மேல் ஏறியிருந்த நேரத்தில் மறுபடியும் ஆடினார்கள். ரயிலுக்குக் காத்திருந்த சேலத்துப் பெண்கள் எதிர்ப்பக்கம் நின்றார்கள். முதல் இரண்டு பந்துகளைத் தனபாக்கியத்தின் தலைக்கு மேலே அடித்துப் பாயிண்ட் எடுத்தார்கள். பக்தவச்சலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது பந்து பின்வரிசையில் நின்ற அஃப்ஸர் ஜஹானைத் தேடி வந்தது. அவள் முழங்கால் மண்ணில் படக் குனிந்து அதை வாங்கினாள். வாங்கிய பந்து திசை தவறிப் போய் வலையில் மோதியது. சேலத்துப் பெண்கள் அது விழுந்துவிட்டதாகவே எண்ணித் திரும்பினார்கள். தனபாக்கியம் அதன் அடியில் இருந்தாள். பந்து மறுபடியும் எழுந்தது. பக்கத்தில் நின்ற எல்லம்மா அதை யாருமற்ற மூலைக்குத் தட்டிவிட்டாள்.

அடுத்த பத்து நிமிடங்களில் வலையில் பட்ட ஏழு பந்துகளில் ஐந்தை அவள் எழுப்பினாள். பத்து நிமிடம் முடிந்தும் பக்தவச்சலம் நிறுத்தச் சொல்லவில்லை. அரை மணி கழித்து, சேலத்துப் பெண்கள் ரயில் போய்விடும் என்று முறையிட்ட பிறகுதான் குறிப்பேட்டைத் திறந்தார். ரிசர்வ் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மற்ற நால்வரின் பெயர்களுக்குக் கீழே அவள் பெயரையும் எழுதினார்.

"குட்டையா இருக்கே," என்றார். "ஆனா, வலைக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற எடம் பூரா உனக்குத்தான்."

மாசி மாதத்தில் ஒரு காலை இருவரும் ஆம்பூர் ரயில் நிலையத்தில் நின்றார்கள். ஆதிகேசவன் மகளின் தகரப் பெட்டியைக் கயிறு போட்டு மூன்று முறை கட்டி மூன்று முறையும் அவிழ்த்துக் கட்டினார். வண்டி வந்ததும் அப்துல் ஹமீத் தனபாக்கியத்தின் அருகில் வந்து, "பொண்ணு, என் மவளைப் பாத்துக்கோம்மா," என்றார்.

"ஆட்டத்துல நான் பாத்துக்கறேன் முதலாளி. வெளிய அவதான் என்னைப் பாத்துக்கணும். நான் காட்பாடியைத் தாண்டினதே இல்ல."

மதராஸில் தனபாக்கியம் எட்டு ஆண்டுகள் ஆடினாள். முதல் ஐந்து ஆட்டங்களில் உட்கார்ந்திருந்தாள். ஆறாவதில் இறங்கியவள் பிறகு உட்காரவில்லை. இடக்கைச் சுண்டுவிரல் இருமுறை முறிந்து கோணலாகவே கூடியது. கடைசி மூன்று ஆண்டுகள் அணித் தலைவியாக இருந்தாள். 1966இல் முழங்கால் இடம் கொடாதபோது தானே எழுதிக் கொடுத்து விலகி, புதிதாக வந்த பெண்களுக்குப் பந்து வாங்கக் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றாள். அஃப்ஸர் ஜஹான் நான்கு ஆண்டுகள் ஆடி, பெரியமேட்டுத் தோல் வியாபாரி ஒருவரை மணந்துகொண்டாள். அதன் பின்னும் தனபாக்கியம் மதராஸில் ஆடிய எந்த ஆட்டத்துக்கும் அவள் வராமல் இருந்ததில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அந்தக் குட்டையான பெண் யார் என்று பக்கத்தில் யாராவது கேட்டால், "எங்க ஊர்ப் பொண்ணு. ரொம்ப பயந்தாங்கொள்ளி. மெட்ராஸுக்குத் தனியா வர மாட்டேன்னுச்சு, நான்தான் துணைக்கு வந்தேன்," என்று முகம் மாறாமல் சொல்வாள்.